குருவியைப் புடிச்சா மட்டும் கடத்தல் நின்றாதுங்க

கோவை ஏர்போர்ட்ல ஷார்ஜா ஃப்ளைட்ல வந்தவங்ககிட்ட தங்கம் புடிபட்டுச்சுன்னு நியூஸ் வந்தா, "அவன் காசுல அவன் வாங்கிட்டு வர்றான், கவர்மெண்டுக்கு ஏன் வயிறு எரியுது"ன்னு நம்மாளுக நிறைய பேரு பேசறாங்க. எனக்கு இந்தப் பேச்சு சுத்தமா புடிக்கலீங்க. தங்கத்தைப் பேஸ்ட்டாக்கி உடம்புக்குள்ள வெச்சுட்டு வர்ற ஆளைத் தான் குருவின்னு சொல்றாங்க, அவனுக்கு டிக்கெட்டும் கூலியும் தான், சரக்கு அவனுது கிடையாது. சரக்குக்காரன் எங்கயோ நிம்மதியா உக்காந்திருப்பான்.

கணக்கைப் பாருங்க. 2012 ஜனவரில தங்கத்துக்கு இறக்குமதி வரி 2 சதவீதம் தான். 2013 ஆகஸ்ட்ல 10 ஆச்சு, 2022 ஜூலைல செஸ்ஸோட சேர்த்து 15. கிலோ 70 லட்சம் வித்த நேரத்துல வரி கட்டாம ஒரு கிலோ உள்ள வந்தா 9 லட்சம் மிச்சம், அப்ப பத்து கிலோல ஒரு கிலோ புடிபட்டுப் போனாலும் மிச்ச ஒம்பது கிலோ அந்த நட்டத்தை மூடிரும், அப்பறம் எவன் பயப்படுவான் சொல்லுங்க. 2024 ஜூலை பட்ஜெட்ல 6 சதவீதமா கொறைச்சாங்க, அன்னிக்கே சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல எறங்குச்சு. நல்ல முடிவு தான். ஆனா 2025ல கிலோ 1 கோடியைத் தாண்டிருச்சு, அப்ப அந்த 6 சதவீதமே கிலோவுக்கு 6 லட்சம் பக்கம் வந்துச்சு.

வரியைக் கொறைச்சா கடத்தல் கொறையும்கறதுக்கு நம்மூர் கோழியே சாட்சி. கேரளாவுல கறிக்கோழிக்கு 14.5 சதவீதம் வரி இருந்த காலத்துல பல்லடம் பக்கமிருந்து போற வண்டிக வாளையார் செக்போஸ்ட்டை விட்டுட்டு வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்பு வழியா ராத்திரில நுழையும். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்துச்சு, கோழிக்கு வரி இல்லைன்னு ஆச்சு, யாரும் தொரத்தாமயே அந்த ராத்திரி ஓட்டம் நின்னு போச்சு.

செல்வபுரம், கெம்பட்டி காலனி பக்கம் ஒரு நகைப் பட்டறைல போய் உக்காந்து பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஆசாரி அண்ணன் சாயங்காலம் வேலை முடிஞ்சா தரையை மெதுவா கூட்டி அந்தக் குப்பையை டப்பால போட்டு வெப்பாரு, கை கழுவுன தண்ணியைக் கூட கீழ ஊத்த மாட்டாரு, அதுல ஒட்டியிருக்கற பொடித் தங்கத்துல தான் அவருக்கு மிச்சமே. மில்லிகிராம் கணக்குல பொழைக்கற மனுசன் அவரு. அவருக்குப் போட்டியா ஒருத்தன் வரி கட்டாத தங்கத்துல செயின் செஞ்சு, துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்து, சேதாரமே இல்லைன்னு விக்கறான். இவரு எப்பிடி நிக்கறது? உருக்குனதுக்கு அப்பறம் அந்தத் தங்கம் எந்த வழியா வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஹால்மார்க் நகைல போடற ஹெச்யூஐடி நம்பர் சுத்தத்துக்குத் தான் சாட்சி. அதுக்கான காசும் பேங்க் வழியா போறதில்ல, ஹவாலான்னு சொல்ற உண்டியல்ல போகுது. துபாய்ல நம்ம பசங்க சம்பாதிச்ச திர்ஹாம் அங்கயே தங்கமா மாறிருது, இங்க வீட்டுல ரூபா நோட்டைக் கொடுத்தர்றாங்க, நாட்டுக்கு வர வேண்டிய அந்நியச் செலாவணி வராமயே போயிருது.

அதுக்காக வரியே வேண்டாம்னு சொல்லலீங்க. திருப்பூர்ல கதையே வேற. அங்க யாரும் ஒளிச்சு வெச்சுக் கொண்டு வர்றதில்ல, சீனால இருந்து சிந்தெடிக் நிட்டிங் துணி கண்டெய்னர்ல பில்லோட தான் வருது, பில்லுல இருக்கற வெலை தான் பொய். வெலையைக் கொறைச்சுப் போட்டா 20 சதவீத வரியும் அதோட சேர்ந்து சுருங்கிருது. எங்க மாமா ஜாப் ஒர்க்குக்கு நிட்டிங் ஓட்டறாரு. காதர்பேட்டைல ஒரு வியாபாரி சாம்பிள் துணியைக் காட்டி இந்த ரேட்டுக்கு ஓட்டித் தர முடியுமான்னு கேட்டப்ப நானும் கூட இருந்தேன். மாமா துணியை இழுத்துப் பார்த்தாரு, திருப்பிப் பார்த்தாரு, "இந்த வெலைக்கு எனக்கு நூலே வராதுங்ணா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு. ஒரு மெஷின் நின்னா ஓட்டறவரு, சாயப்பட்டறை, காம்பாக்டிங், வண்டிக்காரர்னு எத்தனை பேருக்குக் கூலி போகுதுன்னு திருப்பூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

2024 மார்ச்ல இந்தத் துணி சில வகைக்கு கிலோவுக்குக் குறைஞ்சது 3.5 டாலர்னு வெலை வெச்சாங்க. உடனே கஸ்டம்ஸ்ல துணி வகைக்குன்னு இருக்கற கோடு நம்பரை மாத்திப் போட்டு எறக்குனாங்க, அப்பறம் இன்னும் பல வகையைச் சேர்த்தாங்க. 2025 பட்ஜெட்ல தான் ஒம்பது வகை நிட்டிங் துணிக்கு 20 சதவீதம், இல்லீன்னா கிலோவுக்கு 115 ரூபா, ரெண்டுல எது அதிகமோ அதுன்னு கொண்டு வந்தாங்க. எனக்கு சரின்னு படறது இந்த முறை தான், ஏன்னா பில்லுல எத்தனை வேணாலும் பொய் எழுதலாம், எடை மெஷின்ல ஏத்துனா கிலோ கிலோ தான்.

அதே எடைக் கணக்கை மிச்ச துணி வகைக்கும் கொண்டு வாங்க. தொறைமுகத்துல சந்தேகப்படற கண்டெய்னரைத் தொறந்து உள்ள இருக்கறது பில்லுல இருக்கற துணி தானான்னு பாருங்க. தங்கத்துலயும் குருவியோட நிக்காம டிக்கெட் போட்டவன் யாரு, உண்டியல்ல காசு கொடுத்தவன் யாரு, உருக்கி வாங்குன கடை எதுன்னு அது வரைக்கும் கேஸை இழுத்துட்டுப் போங்க. எலக்‌ஷனுக்கு ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட நம்மளும் ரோடு, தண்ணியோட சேர்த்து இதையும் கேக்கணும்.