ஐயா பேரில் ஆர்.சி., யார் பேரிலும் இல்லாத இன்சூரன்ஸ்

காரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றால் நம் பக்கத்தில் முதல் கேள்வி, "ஸ்டேஷன்ல யாரையாச்சும் தெரியுமா?" என்பதுதான். என்னென்ன காகிதம் கையில் இருக்கிறது என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. காரைக்குடியில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். தைப்பூசம், பிள்ளையார் நோன்பு, முகூர்த்த மாதம் என்று ஊர் நிறையும்போதெல்லாம் இப்படிப் போன் வரும். தெரிந்தவர்கள் இருந்தால் என்ன ஆகும்? டீ கிடைக்கும், உட்கார நாற்காலி கிடைக்கும். கார் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து. அதாவது, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி ஒரு ஆளை இடித்த கார். அதைத் திரும்பக் கேட்கும் மனுவை டைப் அடிப்பவனே நான்தான், இருந்தும் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு விஷயத்தை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வழியில் மறிக்கிறார்கள், இன்சூரன்ஸ் காலாவதி என்று தெரிகிறது, அவ்வளவுதான் என்றால் அது அபராதத்தோடு போகும். மோட்டார் வாகனச் சட்டம் 196-ஆவது பிரிவில் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 4,000. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரம் 207-ஆவது பிரிவில் வருகிறது. அதில் லைசென்ஸ் இல்லாதது, வயது வராதவர் ஓட்டியது, பதிவு இல்லாதது, பெர்மிட் இல்லாதது எல்லாம் இருக்கின்றன. இன்சூரன்ஸ் இல்லாதது அந்த வரிசையில் இல்லை. இதைச் சொல்லி வாதாட இடம் உண்டு, எங்கள் வக்கீல் வாதாடியும் இருக்கிறார். ஆனால் இன்சூரன்ஸ் இல்லாத காரில் பெரும்பாலும் வேறு ஏதாவது ஒன்றும் இருக்காது. லைசென்ஸ் வீட்டில் இருக்கும், இல்லையென்றால் ஓட்டியவருக்கு லைசென்ஸே இருக்காது.

விபத்து என்று வந்துவிட்டால் கதை வேறு. எஃப்.ஐ.ஆர். போட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்த பிறகு, மேஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் காரைக் கேட்க முடியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451 என்று எழுதுவோம், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 497 என்று எழுதுகிறோம். இன்சூரன்ஸ் இருந்தால் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிவிடலாம். இல்லாவிட்டால், அடிபட்டவருக்கு நாளைக்கு எவ்வளவு நஷ்டஈடு வருமோ அதற்கு இன்றைக்கே கோர்ட் பொறுப்பு கேட்கும். டெபாசிட்டாகவோ சொத்து ஜாமீனாகவோ ஏதாவது ஒன்று. அதைக் கட்ட முடியாமல் மூன்று மாதம் போனால் காரைப் பொது ஏலம் விட்டுப் பணத்தை விபத்துத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்று டெல்லியில் ஒரு விதி இருந்தது. மற்ற மாநிலங்களும் அதேபோல் விதி கொண்டுவர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

"இது அநியாயம் இல்லையா தம்பி, கார் எங்களுது" என்று கேட்பார்கள். குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்து போகிறார்களே, அந்த நேரத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். இருட்டில், காவடியும் பையுமாக, சாலை ஓரத்தில் வரிசையாகப் போகிறவர்கள். அதில் ஒருவரின் கால் மேல் ஏறியது உங்கள் கார் என்று வையுங்கள். அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி என்று ஒன்று எதிரே இல்லை. நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள், ஓட்டியவர் உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர், மாதச் சம்பளக்காரர். அந்த மனிதருக்குப் பிடிமானம் என்று கண்ணுக்குத் தெரிவது ஸ்டேஷனில் நிற்கும் அந்தக் கார் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அவர் யாரைப் போய்க் கேட்பது?

"நான் ஓட்டவே இல்லையே" என்ற பதிலும் எடுபடாது. ஓட்ட விட்டதும் குற்றம் என்று அதே 196 சொல்கிறது. நஷ்டஈட்டுக்கும் ஓனர்தான். 164-ஆவது பிரிவில் சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். அது போதாது என்றால், அதை வாங்காமல், தப்பை நிரூபித்துக் கூடுதலாகக் கேட்டு வழக்குப் போடலாம். தீர்ப்பான தொகையைக் கட்டாவிட்டால் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும், நிலவரிப் பாக்கியைப் போல வசூலிப்பார்கள். பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் பெரிய வீட்டில் உங்கள் பங்கு எது என்று இத்தனை வருஷம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கேட்பார்கள்.

சரி, மனுப் போடலாம் என்று உட்கார்ந்தால்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் வெளியே வரும்.

"ஆர்.சி. யார் பேர்ல இருக்கு ஆச்சி?"

"எங்க ஐயா பேர்லதான்."

"ஐயாவைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"அவுக தவறிப் பல வருஷம் ஆச்சே."

இந்த உரையாடல் எங்கள் ஆபீஸுக்குப் புதிதில்லை. ஓனர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். யார் செய்கிறார்கள்? கார் ஷெட்டில் இருக்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வெளியே வருகிறது. வீட்டுப் பத்திரத்துக்கு இருக்கும் மரியாதை ஆர்.சி.க்கு இல்லை. கோர்ட்டுக்கோ பதிவு பெற்ற ஓனர் வேண்டும். அவர் இல்லை என்றால் தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், பிறகு மற்ற வாரிசுகளின் சம்மதம். ஒரு மகன் கோலாலம்பூரில், மகள் அமெரிக்காவில், இன்னொருவர் அடையாறில். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்துக்குப் போய்ச் சான்றொப்பத்தோடு அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். பழைய காருக்காக ஒரு நாள் லீவு போட எந்த மகனும் உடனே ஒத்துக்கொள்வதில்லை. அப்போதுதான் இன்னொன்றும் கிளம்பும்: "பொறுப்புத் தொகையை யார் கட்டுவது? காரை வச்சு ஓட்டினவுக கட்டட்டும்." ஒரு காரை ரிலீஸ் பண்ணப் போட்ட வழக்குக் கட்டு, பாகப்பிரிவினைக் கட்டாக மாறுவதை இந்த மேஜையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி. உங்கள் பேரில் இருக்கும் வரை ஓனர் நீங்கள்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் எத்தனை கை மாறியிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. பொறுப்பு கட்டச் சொல்வது நியாயம். காரை வெயிலில் போட்டு அழிய விடுவது யாருக்கு லாபம்? ஸ்டேஷனின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன் கண்ணாடியில் குற்ற எண்ணைப் பெயின்டால் எழுதியிருப்பார்கள். டயர் நான்கும் இறங்கி, ரிம் மண்ணில் பதிந்திருக்கும். வேப்பஞ்சருகு வைப்பர் வரைக்கும் மூடியிருக்கும். பானெட்டைத் திறந்தால் எலி கடித்த வயர். ஏலம் விட்டால் இரும்பு விலைதான் தேறும், அடிபட்டவர் கைக்கும் அதுதான் போகும். வழக்குச் சொத்தாக இருக்கும் வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டு வைக்காதீர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு பிணை வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்று மாதக் கெடு என்றால் மூன்று மாதத்தில் ஏலத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடக்காமல் நிற்கும் கார்தான் அதிகம்.

இப்போது பலரும் கடைசியில் சொல்லும் ஒரு யோசனைக்கு வருவோம். "ஏஜென்ட்ட சொல்லி முந்தின தேதி போட்டு ஒரு பாலிசி எடுத்துட்டா?" படித்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். பாலிசியில் தேதி மட்டும் இல்லை, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்றும் இருக்கும். காலை பத்துக்கு விபத்து, மதியம் பாலிசி என்றால் அந்த விபத்துக்கு அது உதவாது. தேதியைத் திருத்தினால் மோசடி வழக்கும் சேர்ந்துகொள்ளும், அதற்கு எங்கள் ஆபீஸில் தனி பீஸ்.

இத்தனைக்கும் தொகை எவ்வளவு? 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்குத் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் காரால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ், 3,416 ரூபாய், சின்னக் காருக்கு 2,094. ஜி.எஸ்.டி. தனி. நம் வீட்டுக் கல்யாணத்தில் வாழை இலைக்கே இதற்கு மேல் ஆகும். ஷெட்டில் நிற்கும் காருக்கு எதற்கு என்றால், ஷெட்டை விட்டு வராத வரை வேண்டாம்தான். சட்டம் பொது இடத்தில் ஓட்டுவதைத்தான் சொல்கிறது. தெருவில் இறங்கினால் வேண்டும், பிள்ளையார்பட்டி வரைக்கும்தான் என்றாலும். வின்டேஜ் என்று முறையாகப் பதிந்த காருக்குப் பிரீமியத்தில் பாதித் தள்ளுபடியும் கொடுத்திருக்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய கார்க்காரர்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

புதுக் கார்க்காரர்கள் மாட்டுவது வேறு விதத்தில். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் போட்ட வழக்கில், 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருஷம், டூவீலருக்கு ஐந்து வருஷம் தேர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் நான்காம் வருஷம் வந்ததை யாரும் கவனிப்பதில்லை. ஷோரூமில் எல்லாம் கட்டியாச்சே என்ற நினைப்பிலேயே ஓட்டுகிறார்கள்.

கடைசியாக, ரிலீஸ் ஆர்டர் கையில் வந்தவர்களுக்கு. காரை ஸ்டேஷன் வாசலிலிருந்து ஓட்டிக்கொண்டு போக நினைத்தால், அதற்கு முன் இன்றைய தேதியில் ஒரு தேர்ட் பார்ட்டி பாலிசி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சிக்னலில் இரண்டாவது குற்றம். முழு இன்சூரன்ஸ் என்றால் விட்டுப்போன பாலிசிக்கு வண்டியைப் பார்வையிட ஆள் வர வேண்டும். இறங்கிய டயரோடு நிற்கும் காரைப் பார்த்து யாரும் சரி என்று எழுத மாட்டார்கள், அது ரிப்பேருக்குப் பிறகு. பேட்டரி செத்திருக்கும், அதனால் மெக்கானிக்கையும் டிரெய்லரையும் சொல்லி வைத்துக்கொண்டு வாருங்கள். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடும் முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள்.