சோற்றுக்குத் திரும்பும் நாள்

எங்கள் தெருத் தையல்கார அக்கா பிளவுஸ் தைத்தால் பக்கவாட்டில் நாலு வரி தையல் போட்டுத் தருவார். உடம்பு கொஞ்சம் பூசினால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம் என்பதற்காக. 2018 ஜனவரியில் நான் சோறு, இட்லி போன்ற மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ டயட்டை ஆரம்பித்தபோது என் பிளவுஸ்கள் எல்லாவற்றிலும் எல்லா வரியும் பிரித்தாகிவிட்டது. 84 கிலோ. அந்த வருடத் தீபாவளிக்குள் 65க்கு வந்தேன். பழையதைப் பிடித்துப் பிடித்துத் தைத்ததில் துணி உள்ளே மடங்கி உறுத்த ஆரம்பித்ததால், அக்கா புதிதாக அளவெடுத்து ஆறு பிளவுஸ் தைத்துக் கொடுத்தார். 2019 முடிவதற்குள் அந்த ஆறிலும் ஒவ்வொரு வரியாகப் பிரித்து முடித்திருந்தேன். 77 கிலோ.

கடைசி வரியைப் பிரித்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கத்தரிக்கோல் முனையால் நூலைக் கிளப்பிக் கிளப்பி எடுத்தேன். தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தப் பட்டையில் மட்டும் துணி வெளுக்காமல் புதுசு போல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், வாரத்துக்கு ஒருவராவது இன்பாக்ஸில் வந்து இதையே சொல்கிறார்கள். “அக்கா, 15 கிலோ குறைச்சேன், 12 கிலோ திரும்பி வந்துடுச்சு, வெளியே சொல்ல வெட்கமா இருக்கு.” இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எடையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்ததைத் தக்கவைப்பது வேறு வேலை. முதல் வேலையைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்லித்தர ஆளே இல்லை. கஷ்டப்பட்டுக் குறைத்தவர்களை நாம் அந்த இடத்தில் தனியாக விட்டுவிடுகிறோம்.

பேலியோவைக் குறை சொல்ல வரவில்லை. அது எனக்கு நல்லதுதான் செய்தது. மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3 இருந்தது 5.5க்கு வந்தது. மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிப்பது நின்றது. பசிக்காமல் எடை குறையும் என்பதை வாழ்க்கையில் முதல் முறையாக அப்போதுதான் பார்த்தேன். நம் சாப்பாட்டில் மாவுச்சத்து அளவுக்கு மீறித்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்வுப்படி நாம் சாப்பிடும் மொத்த கலோரியில் 62 சதவீதம் அதிலிருந்துதான் வருகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, நடுவில் டீக்கு ரெண்டு பிஸ்கட் என்று ஒரு நாளை எழுதிப் பார்த்தாலே புரிந்துவிடும். அதைக் குறைத்தது சரி. என் தவறு, டயட் முடிகிற நாளைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்காமல் இருந்தது.

முடிவு எப்படி வந்தது தெரியுமா? அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். “ஒரு வாய் சாப்பிடுடி” என்றார். பத்து மாதம் கழித்து ஒரு வாய் சாப்பிட்டேன். அது ஒரு தட்டானது. மறுநாளும் சாப்பிட்டேன். ஒரு வாரத்தில் மெஷின் இரண்டரைக் கிலோ கூடக் காட்டியது. பதறிப்போனேன்.

அது கொழுப்பு இல்லை, தண்ணீர் என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கும். பேலியோவின் முதல் வாரத்தில் கிடுகிடுவென்று இறங்குவதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். சோறு திரும்பும்போது அதுவும் திரும்பத்தான் செய்யும். இது தெரிந்திருந்தால், சரி, இதுதான் இனி என் எடை என்று அங்கேயே நின்றிருப்பேன். தெரியாததால் “எல்லாம் போச்சு” என்று நினைத்தேன். மறுபடி கடுமையாகப் பத்து நாள், அப்புறம் ஒரு விசேஷம், அப்புறம் குற்றவுணர்ச்சி, மறுபடி பத்து நாள் என்று ஆரம்பித்தது அந்த ஊசலாட்டம்.

இன்னொரு பெரிய தவறும் செய்தேன். எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதையே செய்திருக்கிறார்கள். சோறு வந்துவிட்டது, ஆனால் பேலியோவின் பாதாமும் வெண்ணெய் போட்ட பட்டர் டீயும் போகவில்லை. பேலியோவில் நூறு பாதாம் என்பது ஒரு வேளைச் சாப்பாடு. 100 கிராம் பாதாமில் 580 கலோரி அளவுக்கு இருக்கிறது. அதை ஒரு வேளையாகச் சாப்பிட்டபோது சரியாக இருந்தது. நானோ காலையில் மூன்று இட்லி, பதினோரு மணிக்கு ஒரு கை பாதாம், மதியம் சோறு, அதில் தாராளமாக நெய் என்று போய்க்கொண்டிருந்தேன். “நெய் நல்லதுதானே” என்று மனது சொல்லும். மாவுச்சத்து இல்லாத சாப்பாட்டில்தான் அது அவ்வளவு தாராளமாக இருக்கலாம். எது திரும்பி வருகிறதோ அதற்குப் பதிலாக எது போகவேண்டும் என்ற கணக்கை யாரும் போட்டுத் தரவில்லை. நானும் போடவில்லை.

இதில் உடம்பின் பங்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் குறைந்த கலோரி உணவில் வைத்து எடை குறைக்கச் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோதும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி கூடுதலாகவே இருந்தது. 2011இல் வெளிவந்த ஆய்வு அது. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற விஞ்ஞானி, தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்தார். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப வந்திருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, அந்த உடம்புக்கு எதிர்பார்க்கிற அளவைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவு. ஆறு வருடத்துக்குப் பிறகும்! அவர்கள் மிகக் கடுமையாக, மிக வேகமாகக் குறைத்தவர்கள், நம் நிலை அவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் திசை அதுதான். உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்கிறது. இது தெரிந்த பிறகும் ஒருவரைப் பார்த்து “உனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை” என்று சொல்ல எப்படி மனம் வரும்?

நம் ஊரில் இதோடு சுற்றியிருக்கிறவர்கள் வாயும் சேர்ந்துகொள்ளும். நான் 65 கிலோவில் இருந்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, “என்னம்மா, சுகர் வந்துடுச்சா?” மாமியார் நிஜமாகவே கவலைப்பட்டு என்னை டாக்டரிடம் போகச் சொன்னார். 72க்கு ஏறியபோது அதே மனிதர்கள் “இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு” என்றார்கள். அவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எடை ஏறும் நேரத்தில் காதுக்கு அது எவ்வளவு இதமாக இருக்கும் தெரியுமா?

இரண்டாவது முறை 2020இல் ஆரம்பித்தபோது அவசரப்படவே இல்லை. மாதம் ஒரு கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. 68 வந்ததும் நிறுத்திக்கொண்டேன். என் உயரம் 158 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கான பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கில் 25க்கு மேல் போனால் உடல்பருமன். எனக்கு 27. கணக்குப்படி இன்னும் குறைக்க வேண்டும்தான். ஆனால் 60ஐத் தொட்டுவிட்டு 77க்குத் திரும்புவதைவிட 68இல் நிலையாக நிற்பது என் உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்தேன். சுகர், பிரஷர் இரண்டும் சரியாக இருக்கின்றன. 2021லிருந்து இன்று வரை 67க்கும் 69க்கும் நடுவில் நிற்கிறேன்.

சோற்றை இந்த முறை நானே அழைத்து வந்தேன். முதல் மாதம் மதியம் மட்டும் ஒரு குழிக்கரண்டி. எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் எடுத்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 110 கிராம் வந்தது. வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து, அப்படியென்றால் ஒரு கரண்டிக்கு 31 கிராம். அன்றிலிருந்து எனக்குத் தராசு தேவைப்படவில்லை. அந்தக் கரண்டியே போதும். சோறு வந்த வாரம் பாதாம் ஒரு கைப்பிடியானது, பட்டர் டீ சாதாரண டீயானது. அடுத்த மாதம் எடை நகராததைப் பார்த்து, இரவுக்கு ஒரு தோசை சேர்த்தேன். இரண்டு தோசையில் எடை ஏறியது, ஒன்றோடு நிறுத்தினேன். இப்படி என் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று மூன்று நான்கு மாதம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் அளவு வேறாக இருக்கும்.

தட்டில் சோற்றுக்கு முன்னால் பொரியல் வரும். ஒரு கரண்டி சோற்றுக்கு இரண்டு கரண்டி பீன்ஸோ, கோஸோ, கீரையோ. கூடவே முட்டை, மீன், சுண்டல், கெட்டித் தயிர் என்று புரதம் ஏதாவது ஒன்று கட்டாயம். பேலியோ எனக்குக் கற்றுக்கொடுத்ததில் நான் விடவே விடாதது இந்தப் புரதத்தைத்தான். வயிறு நிறைந்தது போல் இருக்கும், நாலு மணிக்குக் கை பிஸ்கட் டப்பாவைத் தேடாது. இரவு சாப்பிட்டதும் தெருவில் பதினைந்து நிமிடம் நடை. வாரம் மூன்று நாள் ஐந்து கிலோ டம்பெல். ஒரு வார்த்தை பெண்களுக்கு: எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரைகிறது. முதல் முறை நான் நடந்தேனே தவிர எதையும் தூக்கவில்லை. ஏறியபோது திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்புதான். தயவுசெய்து எதையாவது தூக்குங்கள்.

சனிக்கிழமை காலை எடை பார்ப்பேன். 70ஐத் தொட்டால் இரண்டு வாரம் சோறும் தோசையும் கிடையாது, அவ்வளவுதான். 77 வரை ஏறிய காலத்தில் நான் ஏழு மாதம் மெஷின் பக்கமே போகவில்லை. ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994இல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருடமாவது தக்கவைத்தவர்கள் மட்டும் அதில் சேரலாம். இன்று பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்கள் குறைத்த வழி ஆளுக்கு ஒன்று. ஆனால் தக்கவைத்த விதத்தில் ஒற்றுமை இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரி ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள்.

விசேஷங்களுக்குப் போகிறேன். தை, ஆவணி முகூர்த்த மாதங்களில் எங்கள் குடும்பத்தில் வாரம் ஒரு கல்யாணம் வரும். பந்தியில் உட்கார்ந்து பாயசமும் சாப்பிடுகிறேன். இதைச் ‘சீட்டிங்’ என்று சொல்லும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தம்பி கல்யாணத்தில் பாயசம் சாப்பிட்ட பெண் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தச் சொல்தான் ஒரு கரண்டி பாயசத்தை ஒரு மாத விரக்தியாக மாற்றுகிறது. சர்க்கரை நோய்க்காகக் கண்டிப்பாக மாவுச்சத்தைத் தவிர்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நிலை வேறு. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைப்பதானாலும் கூட்டுவதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மருந்து அளவை மாற்றாமல் சோற்றை நிறுத்தினால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

டயட் குழுக்கள் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நூறு நாள் சேலஞ்ச் வைக்கிறீர்கள், படம் போடுகிறீர்கள், வாழ்த்துகிறீர்கள். அந்த நூறாம் நாளுக்குப் பிறகு இன்னும் மூன்று மாதம் அவர்களோடு இருங்கள். எந்த வாரம் எத்தனை கரண்டி சோறு, அதற்குப் பதிலாக எதைக் குறைப்பது, மெஷின் இரண்டு கிலோ கூடக் காட்டினால் பயப்படாமல் இருப்பது எப்படி என்று கூடவே சொல்லிக்கொடுங்கள். இரண்டு வருடம் எடை மாறாமல் இருக்கும் ஒருவர் படத்தையும் போடுங்கள். அதில் முன்-பின் வித்தியாசம் எதுவும் தெரியாது. அதற்கும் நாம் எல்லோரும் வந்து வாழ்த்துவோம்.

திரும்ப ஏறிவிட்டது என்று பேசாமல் இருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். இரவு எட்டரைக்கு மேல் பதில் போடுவேன், அதுவரை நடையில் இருப்பேன்.