டவர் கம்பெனி எனக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை

எதிர்க் கட்டடத்து செல்போன் டவருக்கு எதிராக ஞாயிற்றுக்கிழமை நம் மொட்டைமாடியில் நடந்த கூட்டத்தைப் பற்றி இனி வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். அந்த வீடியோவை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாற்பது நொடிக்கு வெட்டி, கீழே "டீச்சர், டவர் கம்பெனிகிட்ட எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டு, சிரிக்கும் பொம்மையும் போட்டிருக்கிறார்கள். பதினேழு லைக். அதில் நான்கு பேரின் பிள்ளைகளுக்கு என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து பிளஸ் டூ இயற்பியல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பைசா வாங்காமல்.

வெட்டிய பகுதியில் நான் கேட்டது ஒரே கேள்வி. எதிர்க் கட்டடத்து டவரால்தான் நம் பிளாக்கில் நான்கு பேருக்கு டிப்ரஷன் வந்தது என்கிறீர்களே, அந்த நான்கு பேரோடு யாராவது உட்கார்ந்து பேசினீர்களா?

அவ்வளவுதான். இதற்குத்தான் நான் கைக்கூலி.

கதிர்வீச்சு அளக்கும் மீட்டரும் கையுமாக வந்திருந்த 'நிபுணர்' உடனே குறுக்கிட்டு, "ஆய்வுகள் சொல்லுது மேடம்" என்றார். எந்த ஆய்வு என்றேன். "நிறைய இருக்கு" என்றார். மீட்டர் பீப் பீப் என்று கத்தியது. சுற்றி நின்ற முப்பது பேர் பையிலும் செல்போன் இருந்தால் அது கத்தாமல் என்ன செய்யும்?

ஆய்வுகள் நிறைய இருப்பது உண்மைதான். அதனால்தான் எரிச்சலாக வருகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் ரூபின் என்பவரின் குழு இதையே பல வருடம் பார்த்தது. "எனக்கு செல்போன் அலை பட்டாலே தலை வலிக்கிறது, படபடப்பு வருகிறது" என்று சொல்பவர்களை ஓர் அறையில் உட்கார வைப்பார்கள். சில நேரம் உண்மையான அலை, சில நேரம் வெறும் பாவனை. எது எப்போது என்று உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, சோதனை செய்பவருக்கும் தெரியாது. இப்படி நடந்த 46 சோதனைகளை, மொத்தம் 1,175 பேர், 2010இல் ஒன்றாக வைத்து அலசினார்கள். அலை இருக்கிறதா இல்லையா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடிந்ததற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பாவனை அலைக்கும் தலை வலித்தது.

இதைச் சொன்னால் உடனே, "அப்போ நடிக்கிறாங்கன்னு சொல்றியா?" இல்லை. இல்லவே இல்லை. வலி நிஜம். உலக சுகாதார நிறுவனமும் 2005இல் அதைத்தான் சொன்னது: அறிகுறிகள் நிஜம், சிலரை முடக்கிப்போடும் அளவுக்கு நிஜம், ஆனால் அதற்கும் மின்காந்தப் புலத்துக்கும் தொடர்பு காட்ட அறிவியல் அடிப்படை இல்லை. ஒரு பொருள் கெடுதல் என்று நம்பினாலே உடம்பு கெடுதலை உணரும். அதற்கு நோசீபோ என்று பெயர். 2013இல் ரூபினும் விட்ஹோஃப்ட் என்ற இன்னோர் ஆய்வாளரும் 147 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு வைஃபை ஆபத்து என்று சொல்லும் டிவி நிகழ்ச்சி, மீதிப் பேருக்கு வேறொன்று. பிறகு "இப்போது வைஃபை அலை வருகிறது" என்று சொல்லிக் கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அலை எதுவும் வரவில்லை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் படபடப்பு, கூச்சம், கவனக் குலைவு என்றார்கள். இரண்டு பேர் பாதியில் எழுந்தே போய்விட்டார்கள். ஏற்கெனவே பதற்ற சுபாவம் உள்ளவர்களை அந்த நிகழ்ச்சி இன்னும் மோசமாக்கியது.

இப்போது சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நடந்தது என்ன?

என் அம்மா கதையைச் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். 2018இல் அப்பா தவறினார். அம்மா எங்களோடு வந்தார். அடுத்த வருடம் எதிரே டவர் வந்தது. (அந்த டவரை முதலில் நம் மாடிக்குத்தான் கேட்டுப் பார்த்தோம், வாடகை நல்ல வாடகை, அது எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டது. அதுவரை கதிர்வீச்சு பற்றி யாருக்கும் கவலை இருந்ததாக எனக்கு நினைவில்லை.) அம்மாவுக்குத் தூக்கம் போனது. மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு இறங்கவில்லை. தலைக்குள் ஏதோ ரீங்கரிக்கிறது என்றார். பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைப் பார்த்தார், டவரைப் பார்த்தார், முடிவு செய்துவிட்டார்.

நாங்களும்தான். பஹ்ரைனிலிருந்து அண்ணன் ஆன்லைனில் ஏதோ வெள்ளி இழைத் திரைச்சீலை ஆர்டர் செய்தான். கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம். ராத்திரி ரவுட்டரை அணைத்தோம். பதினான்கு மாதம். கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனபோது அவர் டவரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா தவறினார்?" என்றார். அம்மா இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். அதில் பாதி எனக்கே தெரியாது. மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது மாதம் அம்மா விடியும்வரை தூங்கினார். டவர் அதே இடத்தில்தான் நிற்கிறது.

"ஒரு வீட்டுக் கதை ஆதாரமாகுமா டீச்சர்?" ஆகாது. உங்கள் நான்கு வீட்டுக் கதையும் ஆகாது.

"புற்றுநோய் பட்டியலில் செல்போன் அலை இருக்கே?" இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் அதை 2பி பிரிவில் சேர்த்தது, 'புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம்' என்ற பிரிவு. ஆசிய முறையில் ஊறப்போடும் காய்கறியும், முழு இலைக் கற்றாழைச் சாறும் அதே பிரிவுதான். உலக சுகாதார நிறுவனம் கேட்டு 63 ஆய்வுகளை அலசி 2024இல் வந்த அறிக்கை, மூளைப் புற்றுநோய்க்குத் தொடர்பு தெரியவில்லை என்றது. அதுவும் போக, நாம் பேசிக்கொண்டிருப்பது மனச்சோர்வு. தொண்டையில் முள் சிக்கியது என்று போனால் பல்லைப் பிடுங்குவார்களா?

"ஆய்வுக்கெல்லாம் கம்பெனிக்காரன் பணம்." சிலவற்றில் உண்டு. செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு உண்டா என்று 13 நாடுகளில் பார்த்த இன்டர்ஃபோன் ஆய்வில் தொழில்துறைப் பணமும் இருந்தது, நேரடியாக விஞ்ஞானிகள் கைக்குப் போகாதபடி இடையில் ஓர் அமைப்பை வைத்துத்தான் கொடுத்தார்கள் என்றாலும். கேள்வி நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கேள்வியை, கூட்டம் முடிந்ததும் பையைத் திறந்து 899 ரூபாய்க்கு 'கதிர்வீச்சு தடுப்பு ஸ்டிக்கர்' விற்றாரே, அவரிடம் ஒருவராவது கேட்டீர்களா? 2020இல், போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று சொல்லி, சாணத்தில் செய்த சிப் ஒன்றை டெல்லியில் அரசு அமைப்பின் தலைவரே வெளியிட்டார். விஞ்ஞானிகள் சேர்ந்து ஆதாரம் கேட்டார்கள். 2021இல் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜியிலிருந்து காப்பாற்றும் என்று விற்ற கழுத்து டாலர், கண்பட்டி என்று பத்துப் பொருள்களைச் சோதித்தது. அவற்றிலிருந்தே நிஜமான அணுக் கதிர்வீச்சு வந்துகொண்டிருந்தது. நான் கதை விடவில்லை, தேடிப் பாருங்கள்.

"அப்போ போனே நல்லதுன்னு சொல்றீங்களா?" எங்கே சொன்னேன்? பன்னிரண்டு வயதுப் பையன் இரண்டு மணி வரை போர்வைக்குள் ரீல்ஸ் பார்த்தால் காலையில் அவன் முகம் எப்படி இருக்கும்? அது தூக்கம் கெட்டதால். செல்போன் பயன்படுத்துபவர்களின் உடல்நலத்தைப் பல வருடம் பின்தொடரும் காஸ்மாஸ் ஆய்வில், பின்லாந்திலும் சுவீடனிலும் அதிகம் போன் பேசுபவர்களுக்குத் தலைவலி கொஞ்சம் கூடுதலாக இருந்தது, உண்மை. ஆனால் பழைய 2ஜியைவிட மிகக் குறைவாக அலை விடும் 3ஜியில் பேசியவர்களுக்கும் அப்படியே. அலைதான் காரணம் என்றால் அங்கே வலி குறைந்திருக்க வேண்டாமா? பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் அளவுமீறிய போன், இணையப் பழக்கத்துக்கென்றே ஒரு கிளினிக் நடக்கிறது. அங்கே கேட்பது தூக்கம், வீடு, தனிமை பற்றி.

குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருந்தால் என்ன தப்பு என்று இன்பாக்ஸில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். தப்பில்லை. 2012இலேயே நம் அரசு டவர் வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. அதற்கு மேல் வேண்டுமானால் அளக்கச் சொல்லி மனு போடுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

எனக்கு வலிப்பது அந்த லைக் இல்லை. சரி, லைக்கும்தான். மூன்றாவது மாடிப் பெண் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்தாள். 'நான்கு பேரில்' அவளும் ஒருத்தி. அவள் பெயரைச் சொல்லாமல் எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். அவள் வீட்டுக்காரர்தான் ஸ்டிக்கரை முதலில் வாங்கினார், இரண்டு. டவர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. மாமியார் மாற வேண்டாம், புருஷன் சீக்கிரம் வீட்டுக்கு வர வேண்டாம், மகள் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டாம். டவர் பதில் பேசாது, பாருங்கள், அது பெரிய வசதி.

மகள் என்று என்னைத்தான் சொல்கிறேன். பிளஸ் டூவுக்கு மின்காந்த அலை நடத்துபவள் நான். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் அயனியாக்கும் கதிர், செல்போன் அலைபோல அந்தச் சக்தி இல்லாத அயனியாக்காத கதிர் என்று போர்டில் படம் போடுபவள். பதினான்கு மாதமும் எனக்குத் தெரியாமலா இருந்தது? அம்மா எழும் சத்தம் கேட்கும். காலையில் முதல் பீரியட் இருக்கிறதே என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். அண்ணன் திரைச்சீலை அனுப்பியபோது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன்.

இன்று மாலை டவர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் போடவில்லை. அம்மா மனுவை வாங்கி, கண்ணாடி போட்டு, முழுவதும் படித்துவிட்டு அவர்களிடம் கேட்டார்: "இத எடுத்துட்டா அப்புறம் சிக்னல் எங்கேர்ந்துப்பா வரும்? ராத்திரி என் தங்கச்சிகிட்ட பேசணுமே."

சிக்னல் குறைந்தால் கையிலிருக்கும் போன்தான் இன்னும் அதிக சக்தியில் அலை விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது, போய்விட்டார்கள்.