சீட்டை ஏன் பிய்த்தீர்கள்?

பழம்பொருள் சேர்த்துவைத்து மறைந்துபோன கும்பகோணத்துப் பெரியவரின் வீட்டைக் காலி செய்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் விற்றார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்று இரண்டு நாளாகச் சண்டை நடக்கிறது. என் வயிறு எரிவது அதற்காக இல்லை. பின்னால் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளிலும் நூலில் கட்டியிருந்த சீட்டைப் பிய்த்துக் கீழே போடுகிறாரே, அதற்காக. பொருள் எங்காவது பிழைத்துக்கொள்ளும். சீட்டு போனால் போனதுதான்.

"கிறுக்குப் பிடித்துக் குப்பை சேர்த்தவர்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். பூட்டு, அளக்கும் படி, நாடக நோட்டீஸ், தீப்பெட்டிப் படம், ஈயக் காசு என்று சேர்த்தார்தான். ஆனால் எந்த ஊர், யார் வீடு, எதற்குப் புழங்கியது என்று எழுதாமல் ஒன்றைக்கூட அவர் அலமாரியில் வைத்ததில்லை. சீட்டில் இருக்கும் எண்ணே அவருடைய நீள நோட்டிலும் இருக்கும். குப்பை சேர்க்கிறவர் இப்படிச் செய்வாரா?

நெல் அளக்கும் அந்த இரண்டு மரக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் சீட்டில் "குத்தகை நெல் வாங்க", மற்றதில் "ஆளுக்குக் கூலி அளக்க". இரண்டும் ஒரே பண்ணை வீடு. முதலாவதை நெல்லால் நிரப்பி இரண்டாவதில் கொட்டினால் நெல் வழியும். 12 மரக்கால் ஒரு கலம். மரக்காலுக்கு ஒரு பிடி குறைந்தால் கலத்துக்கு 12 பிடி, அதுவும் கூலிக்காரன் வீட்டு உலையில். அரசு முத்திரை போட்ட மரக்காலில் கூலி அள என்று கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் ஏன் போராடினார்கள் என்பதற்கு, சீட்டோடு இருக்கும்வரை அவை இரண்டும் சாட்சி. சீட்டைப் பிய்த்த நொடியில் எடைக்குப் போடும் பழைய பாத்திரம்.

தஞ்சாவூரில் மராத்திய மன்னர் சரபோஜி சேர்த்ததை மட்டும் ராஜாவின் ரசனை என்கிறோம். அவரும் கண்டதையெல்லாம் சேர்த்தவர்தான். புத்தகங்களில் தன் கையெழுத்தைப் போட்டு வைத்தார். அவருடைய வைத்தியசாலையான தன்வந்திரி மகாலில் கண் வைத்தியம் பார்த்த நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, கூடவே நோயையும் சிகிச்சையையும் எழுதிவைத்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. குறிப்பைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருந்தால் எந்தக் கண் டாக்டர் அதைத் தேடி வரப்போகிறார்? தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, 1708-இல் நூல் நூலாக விவரம் எழுதிப் பட்டியல் போட்டார். சுவடிகள் சிதறிப்போயின. பட்டியல் மிஞ்சியதால்தான் அன்றைக்கு இந்தக் கரையில் என்னென்ன படித்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது.

அடுத்து அந்தப் புளி. வீடியோவில் செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்து "பளபளன்னு வந்துடுச்சு" என்று காட்டுகிறார்கள். பளபளப்பது உள்ளே இருந்த செம்பு. நூற்றாண்டுகளாக மேலே படிந்து காசைக் காத்த படலத்தைப் புளியின் அமிலம் கரைத்துவிட்டது, அதோடு எழுத்தின் விளிம்பும் போய்விட்டது. சோழக் காசில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற நாகரி எழுத்து பெரும்பாலும் முன்பே தேய்ந்துதான் கிடைக்கும். அதையும் தேய்த்தால் வட்டத் தகடுதான் மிச்சம். தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் ஈயக் காசைப் பெரியவர் மர அலமாரியில் வைக்காமல் கண்ணாடிப் புட்டியில் வைத்ததைக் கேலி செய்கிறீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டால் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். அது தெரிந்தவர் அவர். இப்போது செப்புக் காசுகளைப் பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் சொருகியிருக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் பச்சைப் பசை கசியும், பாருங்கள்.

"வீட்டை விற்றாக வேண்டும், பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று கேட்பவர்களுக்கு: விற்கட்டும். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலமாரியைத் தொடும் முன் தட்டுத் தட்டாகப் படம் எடுங்கள். பொருளும் சீட்டும் ஒரே படத்தில் வரட்டும். சீட்டு உதிர்ந்திருந்தால் அதே எண்ணைப் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலில் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். செல்லோடேப்பும் வேண்டாம். ஓலை ஏட்டுக் கட்டில் ஒட்டிய ஏடுகளைப் பிரிக்காதீர்கள், அடுக்கையும் குலைக்காதீர்கள். செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது, ஒரு பகல் போதும்.

"மியூசியத்துக்குக் கொடுத்திருக்கலாமே?" கொடுத்திருக்கலாம். அங்கே கேட்கும் முதல் கேள்வியும் இது எங்கே கிடைத்தது என்பதுதான். "வியாபாரிக்கு இதெல்லாம் தெரியுமா?" தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பழம்பொருளும், 75 ஆண்டு கடந்த மதிப்புள்ள சுவடியும் தொல்பொருள். உரிமம் இல்லாமல் வாங்கி விற்க முடியாது.

உயிரோடு இருந்தபோது அவர் வாசற்படி ஏறி ஒரு சீட்டைப் படித்துப் பார்க்காதவர்களெல்லாம் இன்று அவருக்குப் பட்டப்பெயர் வைக்கிறீர்கள். வலிக்கிறது. படிக்காத உங்களை விட்டுவிட்டு அவரைக் கிறுக்கு என்பது எந்த நியாயம்?

காசைத் தேய்த்தவர் இனித் தேய்க்க வேண்டாம். வாலை நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) அலசி, ஈரம் போக உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். சீட்டுகளைக் கூட்டி அள்ளிய சாக்கும் நீள நோட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தால் எந்தக் கடை என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள். கடைக்காரர் கேட்கும் விலையை நான் தருகிறேன்.