அந்தத் தும்மல் திட்டமிட்டதில்லை

1977-இல் வந்த ‘ஆனி ஹால்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தை, அதை இயக்கி நாயகனாகவும் நடித்த வூடி ஆலன் தொடக்கத்திலிருந்தே காதல் கதையாகத் திட்டமிட்டு எழுதினார், அதில் எதுவும் தற்செயல் இல்லை என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை.

ஆலனும் மார்ஷல் பிரிக்மனும் எழுதிய ஆரம்ப வரைவில் ஒரு கொலை மர்மமே இருந்தது. அதை எழுதும்போதே கைவிட்டார்கள். அப்புறமும் படம் நாயகனின் மன ஓட்டங்களைச் சுற்றியே போனது. படத்தொகுப்பாளர் ரால்ஃப் ரோசன்பிளம் வெட்டி வெட்டித்தான் காதலை நடுவில் கொண்டுவந்தார். 2 மணி நேரத்துக்கு மேல் ஓடிய முதல் தொகுப்பு 93 நிமிடமாகச் சுருங்கியது.

எல்லாரும் சொல்லிச் சிரிக்கும் அந்தக் கொக்கைன் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலன் தும்ம, விலையுயர்ந்த பொடி மொத்தமும் காற்றில் பறக்கும். தும்மல் திரைக்கதையில் கிடையாது. தற்செயலாக வந்ததை வைத்துக்கொண்டார். முன்னோட்டத் திரையிடலில் எழுந்த சிரிப்பில் அடுத்த வசனங்கள் காதில் விழவில்லை என்று அந்த இடத்தைப் பிறகு நீட்டவும் செய்தார்கள்.

ஆனி ஹாலாக நடித்த டயான் கீட்டனின் இயற்பெயர் டயான் ஹால், செல்லப்பெயர் ஆனி. அது மட்டும் நிச்சயம் தற்செயல் இல்லை, அந்த அளவுக்கு அப்படி எழுதியவர் பக்கம் சரி.