படகில் வருபவர்களுக்கு ஓய்வூதியத்தைவிட அதிகப் பணமா?

"ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகில் கடந்து வரும் அகதிக்கு, பிரிட்டன் அரசு முதியோர் ஓய்வூதியத்தைவிட அதிகப் பணம் தருகிறது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

தஞ்சம் கேட்டு, கையில் பணமில்லாமல் இருப்பவருக்குக் 2025-இல் கிடைத்தது வாரம் 49.18 பவுண்டு. உணவு தரும் ஹோட்டலில் தங்க வைக்கப்பட்டவருக்கு வாரம் பத்து பவுண்டுகூடக் கிடைக்கவில்லை. முழு புதிய அரசு ஓய்வூதியமோ 2025-26-இல் வாரம் 230.25 பவுண்டு. தஞ்சம் கேட்பவர் பொதுவாக வேலைக்கும் போக முடியாது. பன்னிரண்டு மாதம் ஆகியும் முடிவு வராவிட்டால், தாமதம் அவரால் ஏற்பட்டதில்லை என்றால் மட்டுமே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஹோட்டல் செலவு பெரியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் தங்குமிடம் நடத்தும் நிறுவனங்களுக்குப் போகிறது, அகதியின் கைக்கு அல்ல. படகுகளை எப்படித் தடுப்பது என்பதில் கட்சிகளுக்கிடையே கடும் சண்டை. தஞ்சம் கேட்டு வருபவர்களை ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை கன்சர்வேட்டிவ் அரசு கொண்டுவந்தது, 2024-இல் லேபர் அரசு கைவிட்டது. அதில் யார் பக்கமும் நிற்கலாம், பொய்க் கணக்கை வைத்து வேண்டாம்.

இந்தக் கதை புதிதும் அல்ல. 2004-இலேயே கனடாவில் இதே வடிவில் சுற்றியது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பொதுச்சபை நூலகம் இதற்கெனவே விளக்கம் வெளியிட்டிருக்கிறது. உதவித்தொகை விவரம் gov.uk என்ற பிரிட்டன் அரசுத் தளத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

தஞ்சம் கேட்டு நின்ற நம் ஈழத்து உறவுகள் எத்தனை பேர்! தயவுசெய்து இதை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.