ஒப்புகைச் சீட்டை விட்டுவிடாதீர்கள்

வாகனச் சோதனையில் அசல் லைசென்ஸைத்தான் காட்ட வேண்டும் என்று சிலர் இன்னும் சொல்வது பழைய நிலை. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்ட பிறகு மின்னணு வடிவமும் செல்லும். ஆனால் அரசின் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியைத் திறந்து காட்ட வேண்டும். கேலரியில் கிடக்கும் போட்டோவைக் காட்டித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிக்னல் இல்லாத மலைப்பாதை என்றால் கார்டையும் எடுத்துச் செல்வதே நல்லது.

சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் காட்டியே ஆக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 130. வாக்குவாதம் வேண்டாம். லைசென்ஸை அவர் கைப்பற்றினால் மட்டும், பிரிவு 206(3)-இன்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டை அங்கேயே கேட்டு வாங்குங்கள். லைசென்ஸ் திரும்பும் வரை, அல்லது சீட்டில் குறித்த தேதி வரை, எது முந்தியோ அதுவரை அதை வைத்தே ஓட்டலாம். ஆனால் அதிவேகம், குடிபோதை போன்ற குற்றங்களுக்காகப் பிரிவு 206(4)-இன்படி கைப்பற்றியிருந்தால், சீட்டு இருந்தாலும் லைசென்ஸ் திரும்பும் வரை ஓட்டக் கூடாது. சீட்டு இல்லாமல் கிளம்பினால், லைசென்ஸைக் காவலர் கைப்பற்றினார் என்று காட்ட கையில் எதுவும் இருக்காது.